வாய்வழித் துப்பாக்கிக்கு எந்த ரவை?

தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகிச் சுடும் துப்பாக்கிக்கு எந்த ரவை, எவ்வளவு மருந்து என்பதைத் தொழிற்சாலையே முடிவு செய்து பெட்டியின் மேல் அச்சிட்டுவிடுகிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் அந்த வேலை முழுவதும் சுடுபவரிடம் வந்து சேர்கிறது. கரிமருந்தை அளந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். அதன் மேல் தக்கையை வைத்துக் கோலால் இடிக்க வேண்டும். ரவையை அளந்து கொட்டி மெல்லிய அட்டையால் மூட வேண்டும். உட்புறம் வரி வெட்டாத குழலில் ஒவ்வொரு வெடியும் அந்த இடத்திலேயே செய்யப்படும் ஒரு தோட்டா. எனவே ரவையின் உலோகம், பருமன், எடை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும்போதே குழலுக்குள் எழப்போகும் அழுத்தமும் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. எந்த ரவை நன்றாகக் கொல்லும் என்றுதான் வேட்டைக்காரர் பலரும் கேட்கத் தொடங்குகிறார்கள். இந்தக் குழல் எந்த ரவையைத் தாங்கும் என்பதே அதற்கு முந்திய கேள்வி.

பிரிட்டனிலும் ஐரோப்பாவின் சில பகுதிகளிலும் வட அமெரிக்காவிலும் இத்தகைய துப்பாக்கிகள் இன்றும் சட்டப்படி வேட்டையில் பயன்படுகின்றன. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வாய்வழித் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் உண்டு. அங்கெல்லாம் கையில் இருப்பவை இரு வகை: 19-ஆம் நூற்றாண்டின் அசல் துப்பாக்கிகள், அவற்றைப் பார்த்து இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நவீன எஃகில் செய்த பிரதிகள். அளவு 'போர்' எண்ணால் குறிக்கப்படுகிறது. குழலின் விட்டத்துக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்குமோ அதுவே அந்த எண். 12 போர் குழலின் விட்டம் 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6; 10 போர் 19.7.

பழைய குழல்களில் சிறந்தவையாக மதிக்கப்படுபவை இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுருட்டி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தவை. டமாஸ்கஸ் குழல் என்று இவற்றுக்குப் பெயர். மேற்பரப்பின் அலைக்கோலம் கண்ணைக் கவரும். கரிமருந்து எரிந்தபின் மிஞ்சும் உப்புக் கசடு ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்புறத்தைக் குழிகுழியாக அரிக்கும். ஒட்டுகளுக்குள் இறங்கிய துரு வெளியே தெரியாது. லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் நிறுவப்பட்டது. வழக்கத்தைவிடக் கூடுதலான மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கு முத்திரை குத்துவது இவற்றின் பணி. அந்த முத்திரை குழல் சோதிக்கப்பட்ட நாளுக்குத்தான் சாட்சி. பிறகு துருவை நீக்க உட்புறம் கடையப்பட்டிருக்கலாம், சுவர் மெலிந்திருக்கலாம். ஆகவே பழைய துப்பாக்கிக்கு ரவை வாங்கும் முன், துப்பாக்கித் தச்சர் ஒருவர் சுவரின் தடிமனை அளந்து பார்த்திருக்க வேண்டும்.

ரவை என்றாலே நீண்ட காலம் ஈயம்தான். எளிதில் உருகும், கனமானது, குழலைக் கீறாத அளவு மென்மையானது, விலையும் குறைவு. உருக்கிய ஈயத்தோடு சிறிது ஆர்சனிக் சேர்த்து, துளைத் தட்டு வழியே தண்ணீரில் சொட்டவிடும் முறையை ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியான 'மைக்ரோகிராஃபியா' நூலில் விவரித்திருக்கிறார். ஆர்சனிக் சேர்ந்தால் சொட்டு வால் நீளாமல் உருண்டையாகத் திரளும். ஆனாலும் குறைந்த உயரத்திலிருந்து விழுந்த சொட்டு தண்ணீரில் மோதி நசுங்கியது. பிரிஸ்டல் நகரின் வில்லியம் வாட்ஸ் தம் வீட்டின் மேல் கோபுரம் எழுப்பி, உயரத்திலிருந்து ஈயத்தைச் சொட்டவிட்டார். விழும் வழியிலேயே அது உருண்டு இறுகியது. 1782-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். செஸ்டர், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர் நகரங்களில் ரவைக் கோபுரங்கள் எழுந்தது அதன் பிறகுதான்.

உருண்டை எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு நேராகப் பறக்கும். சுத்த ஈயத்தின் குறை இங்கேதான். வெடித்த கணத்தில் பின்வரிசை ரவைகள் முன்வரிசையின் மேல் அமுங்கி நசுங்குகின்றன; குழலின் சுவரை உரசும் வெளிவரிசை தட்டையாகிறது. நசுங்கிய ரவை காற்றில் திசைமாறிக் கூட்டத்தை விட்டு விலகும். வேகத்தையும் விரைவில் இழக்கும். ஆன்டிமணி சேர்த்துக் கடினமாக்கிய ஈயம் இதைக் குறைக்கிறது. பிளாஸ்டிக் கிண்ணத்தின் காப்பு இல்லாமல் அட்டையும் கம்பளித் தக்கையும் மட்டும் கொண்டு கெட்டிக்கும் துப்பாக்கியில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஈயம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் மெத்தென்ற மலிவு ரவையை விட்டுக் கடின ரவையை வாங்குவது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

பருமனைக் குறிக்கும் எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் இடறல் நேர்கிறது. அமெரிக்காவில் 17-இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் விட்டம் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குகளில் கிடைக்கும். அங்கே 6-ஆம் எண் 0.11 அங்குலம், அதாவது 2.8 மில்லிமீட்டர், ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு ஏறத்தாழ 225 ரவை. பிரிட்டனின் 6-ஆம் எண் 2.6 மில்லிமீட்டர், அவுன்சுக்கு 270. அமெரிக்கரின் 6, பிரிட்டிஷாரின் 5-க்கு நெருங்கியது. எல்ஜி, எஸ்ஜி, ஏஏஏ, பிபி என்ற பிரிட்டிஷ் எழுத்துப் பெயர்களே இந்தியத் தோட்டாக்களிலும் வழங்குகின்றன. வெளிநாட்டு நூலில் கண்ட எண்ணை அப்படியே நம்பாமல் விட்டத்தை மில்லிமீட்டரில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு ரவையின் எடை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அதனால் பருமனைச் சற்றுக் கூட்டினாலே ஊடுருவும் வலிமை வெகுவாக உயரும். ஆனால் அதே எடைக்குள் அடங்கும் ரவைகளின் எண்ணிக்கை சரியும். பறவைக்குச் சாவு விரைவாக வர இரண்டும் வேண்டும்: உயிர்நிலையைத் தொடும் ஆழம், தவறாமல் பல ரவை படும் அடர்த்தி. அமெரிக்க எண் கணக்கில் காடைக்கும் புறாவுக்கும் ஏழரை அல்லது எட்டு. முயலுக்கும் ஃபெசன்ட் கோழிக்கும் ஐந்து அல்லது ஆறு. வாத்துக்கு நான்கு என்பது ஈய ரவைக்கு நெடுநாள் பழக்கம். காட்டு வான்கோழியின் உடலைக் குறிவைப்பதில்லை. அதன் தலையும் கழுத்துமே இலக்கு. சிறிய இலக்குக்கு அடர்த்தி தேவைப்படுவதால் அவ்வளவு பெரிய பறவைக்கும் ஐந்து, ஆறாம் எண்ணே பொருந்துகிறது. பெரிய பறவைக்குப் பெரிய ரவை என்ற எளிய எண்ணம் இங்கே ஏமாற்றும்.

வேட்டைத் தூரத்தைக் குழலின் வாய் தீர்மானிக்கிறது. பழைய வாய்வழித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு சோக் எனப்படும் வாய்க் குறுக்கம் கிடையாது. 1860களுக்குப் பிறகுதான் அது பரவலாயிற்று. குறுக்கம் இல்லாத குழல் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 40 விழுக்காடு ரவையையே வைக்கிறது. முழுச் சோக் 70 விழுக்காடு வரை வைக்கும். அதே நேர்குழல் 25 கஜத்தில் 69 விழுக்காடு வைப்பதாகப் பிரிட்டிஷ் அட்டவணைகள் காட்டுகின்றன. ஒன்றே கால் அரைக்கால் அவுன்சுக்கு நெருங்கிய பெரிய சுமையை ஏற்றித் தூரத்தை நீட்டப் பார்ப்பதைவிட, 25 முதல் 30 கஜத்துக்குள் நெருங்கிச் சுடுவதே இந்தத் துப்பாக்கியின் இயல்புக்கு ஒத்தது. வாயைக் குறுக்கிய குழலில் தக்கையை உள்ளே நுழைப்பதும் தொல்லை. அதற்காக அமெரிக்கத் துப்பாக்கித் தச்சர்கள் வாயை அப்படியே விட்டு, அதற்குச் சற்று உள்ளே குழலை அகலமாகக் கடைந்து, அதே விளைவைப் பெறுகிறார்கள்.

இனி அளவு. கரிமருந்தையும் ரவையையும் ஒரே அளவுக் குவளையால் கொட்டுவது பழங்கால வழக்கம். ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் ஈய ரவை, அதாவது 32 கிராம், பிடிக்கும் குவளையில் கரிமருந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் டிராம், சுமார் 4.9 கிராம், நிற்கும். நல்ல நிலையிலுள்ள 12 போர் துப்பாக்கிக்கு 19-ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரர் வழங்கிய சுமையும் ஏறக்குறைய இதுவே. 20 போருக்கு ரவை முக்கால் முதல் முக்கால் அரைக்கால் அவுன்ஸ் போதும். பிரதித் துப்பாக்கியானால் செய்தவர் கொடுத்த உச்ச வரம்பே முடிவானது. மருந்தைக் கூட்டினால் வேகம் கூடும், கொலைத்திறனும் கூடும் என்ற நம்பிக்கை தவறு. வேகமாக வெளியேறும் வாயு ரவைக் கூட்டத்தின் நடுவைக் கிழித்து, பரவலின் மையத்தில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. பரவல் ஓட்டையாக விழுந்தால் முதலில் குறைக்க வேண்டியது மருந்தை. ரவையின் மேல் வைக்கும் அட்டை தடித்திருந்தாலும் அது முன்னே நின்று கூட்டத்தைக் கலைத்துவிடும். அங்கே மெல்லிய அட்டை போதும். மருந்தின் மேல் வைப்பது மட்டும் கெட்டி அட்டையாக, குழலை இறுக்கி நிரப்புவதாக இருக்க வேண்டும்.

புகையிலா மருந்தை, ஒரு சிட்டிகை கலப்பாகக்கூட, இந்தக் குழல்களில் இடக்கூடாது. கரிமருந்துக்கென அமைந்த குழல் அதன் அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்துச் சிதறும். விரல்களையும் கண்களையும் பறித்த விபத்துகளுக்கு இது ஒரு பழைய காரணம்.

ஈயத்தின் இடத்தை இன்று வேறு உலோகங்கள் பிடிப்பதற்குக் காரணம் நஞ்சு. நீர்ப்பறவைகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்குகின்றன; குளத்தடியில் கிடக்கும் ரவையையும் கல்லென்று விழுங்குகின்றன. இரைப்பை அதை அரைத்துக் கரைக்க, பறவை சில வாரங்களில் மெலிந்து சாகிறது. அமெரிக்க இயற்கையியலாளர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் 1894-லேயே இதை எழுதினார். இல்லினாயின் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959-இல் வெளியிட்ட ஆய்வு, வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு ஈய நஞ்சால் மடிவதாக மதிப்பிட்டது. அடிபட்டுச் செத்த விலங்கைத் தின்னும் கலிஃபோர்னியக் கான்டார் போன்ற பிணந்தின்னிப் பறவைகளையும் ஈயம் கொன்றது. வேட்டை இறைச்சியில் தங்கும் துகள் மனிதருக்கும் கேடு. பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சட்டங்கள் பின்தொடர்ந்தன. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா 1987-இலிருந்து படிப்படியாக விலக்கி 1991-இல் முழுதும் தடை செய்தது. டென்மார்க் 1996-இல் ஈய ரவையையே ஒழித்தது. இங்கிலாந்தில் ஈரநிலங்களுக்கும் நீர்ப்பறவைகளுக்குமான தடை 1999-இல் வந்தது. அதே ஆண்டு கனடாவில் தடை நாடு முழுதும் விரிந்தது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவை தடை. பிரிட்டன் அரசு ஈய ரவையை 2029-இல் விலக்கும் திட்டத்தை 2025-இல் அறிவித்தது.

நவீனத் தோட்டாவில் ஈயத்துக்கு மாற்றாக முதலில் வருவது எஃகு ரவை, மலிவானது. வாய்வழித் துப்பாக்கிக்கு அதுவே மிகவும் ஒவ்வாதது. எஃகு நசுங்காது. மெல்லிரும்புக் குழலைக் கோடு கோடாகக் கீறும். குறுக்கிய வாயில் இறுகி வளையம்போல் வீங்கச் செய்யும். தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் வைத்தால்தான் குழல் தப்பும். கரிமருந்தின் சூட்டில் அந்தக் கிண்ணம் உருகிச் சுவரில் படியக்கூடும் என்பதால், அதற்கும் மருந்துக்கும் இடையே கெட்டி அட்டையும் எண்ணெயிட்ட கம்பளித் தக்கையும் வேண்டும். உட்புறம் குரோமியம் பூசி, எஃகு ரவைக்கு ஏற்றது என்று செய்தவரே அறிவித்த பிரதித் துப்பாக்கிக்கு மட்டும் இந்த வழி. பழைய குழலுக்கு எஃகு வேண்டவே வேண்டாம்.

பிஸ்மத்தோடு சிறிது வெள்ளீயம் சேர்த்த ரவை அமெரிக்காவில் 1990களில் அனுமதி பெற்றது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 9.6 கிராம், எஃகு 7.8, கடின ஈயம் சுமார் 11.1. மென்மையில் ஈயத்தை ஒத்திருப்பதால் பழைய குழலையும் காயப்படுத்தாது. அட்டைத் தக்கையோடு அப்படியே கெட்டிக்கலாம். சற்று நொறுங்கும் தன்மை உண்டு, விலையும் அதிகம். மருந்தைக் கூட்டினால் நொறுங்கலும் கூடும் என்பதால், அடக்கமான சுமையை விரும்பும் கரிமருந்துத் துப்பாக்கியோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. டங்ஸ்டன் தூளைப் பிளாஸ்டிக்கில் குழைத்துச் செய்த மென்ரவை ஈயத்தின் அடர்த்திக்கு மிக அருகில் வருகிறது. கிடைத்தால் அதுவும் சிறந்த தேர்வு. அதே டங்ஸ்டனை அழுத்திச் சுட்டுச் செய்யும் அதிகடின ரவை முற்றிலும் வேறு பொருள். அதன் அடர்த்தி 18. கடினமோ எஃகையும் விஞ்சியது. பெயர் ஒற்றுமையில் இரண்டையும் குழப்பிக்கொண்டால் குழல் பாழாகும். துத்தநாக ரவை மலிவாகத் தோன்றினாலும் விழுங்கும் வாத்துக்கு அதுவும் நஞ்சு.

இந்த அடர்த்தி வேறுபாடு வெறும் புள்ளிவிவரம் ஆகாது. தோட்டாத் தொழிற்சாலை ரவையை எடைபோட்டு அடைக்கிறது. வாய்வழித் துப்பாக்கிக்காரர் குவளையால் அளக்கிறார். ஈயத்துக்கு 32 கிராம் என்று குறியிட்ட குவளையில் பிஸ்மத் கொட்டினால் சுமார் 28 கிராமும், எஃகு 22 கிராமும் நிற்கும். அதிகடின டங்ஸ்டனோ 50 கிராமைத் தாண்டும். கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும் அந்தச் சுமை குழலின் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். உலோகத்தை மாற்றுகிறவர் முதலில் தராசை எடுக்க வேண்டும். கனம் குறைந்த உலோகத்தில் சிக்கல் எதிர்ப்பக்கம்: குவளையில் அடங்கும் ரவைகளின் எண்ணிக்கை மாறாது, ஒவ்வொன்றும் எடை குறைந்திருக்கும். அதை ஈடுசெய்ய பிஸ்மத்தில் ஒரு எண்ணும் எஃகில் இரண்டு எண்ணும் பெரிய ரவையை எடுப்பது வழக்கம். 6-ஆம் எண் ஈயம் போட்ட இடத்தில் 5-ஆம் எண் பிஸ்மத்.

எந்தத் தேர்வும் காகிதத்தில் சுட்டுப் பார்த்த பிறகே உறுதியாகிறது. ஒரு மீட்டருக்குக் குறையாத தாளைக் கட்டி, வேட்டையில் சுடப்போகும் தூரத்திலிருந்தே சுட்டு, 30 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ண வேண்டும். வட்டத்துக்குள் பறவை நழுவிப் போகும் இடைவெளி இருந்தால் தூரத்தைக் குறைக்கலாம், மருந்தைக் குறைக்கலாம், தக்கையை மாற்றலாம். ஒரே வெடியை நம்பக்கூடாது. வரியில்லாக் குழல் வெடிக்கு வெடி மாறும்.

பெரிய ரவையும் தனிக் குண்டும் வேறு கணக்கு. 8.4 மில்லிமீட்டர் எஸ்ஜி ரவை அவுன்சுக்கு எட்டே நிற்கும். நேர்குழலில் அது விரைவில் சிதறி விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம், பயிர்ப் பாதுகாப்பு போன்ற குறுகிய விலக்குகள் தவிர, மானை வரியில்லாக் குழலால் சுடுவதைத் தடுக்கிறது. தனிக் குண்டைத் துணியில் பொதிந்து இடுவதானால் குழல் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாக, சுத்த ஈயத்தில் இருக்க வேண்டும். வாய் குறுகிய குழலில் அதைக் கெட்டிக்கவே கூடாது.

எந்த ரவையானாலும் மருந்தோடு ஒட்டி அமர்ந்திருக்க வேண்டும். இடையே வெற்றிடம் விட்டால் அந்த இடத்தில் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். இரட்டைக் குழலில் ஒன்று வெடித்த அதிர்ச்சியில் மற்றதன் ரவை முன்னே நகரலாம். மீண்டும் கெட்டிக்கும் முன் கோலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சரியான சுமை இருக்கும்போது கோல் எவ்வளவு வெளியே நிற்கும் என்று அதன் மேலேயே கோடு போட்டுக்கொண்டால், ஒரே குழலில் இருமுறை கெட்டிக்கும் பிழை உடனே தெரியும். ரவை பறக்கும் எல்லைக்கும் ஒரு கணக்கு உண்டு. பிரெஞ்சுத் தளபதி ஜூர்னே வகுத்த விதிப்படி, ஈய ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200-ஆல் பெருக்கினால் உச்சத் தூரம் கஜத்தில் வரும். அமெரிக்க 6-ஆம் எண் 242 கஜம் போகும், 0.33 அங்குலப் பெரு ரவை 726 கஜம். 30 கஜத்தில் கொல்லும் துப்பாக்கிக்கு முன்னால் அவ்வளவு வெளியும் ஆளில்லாமல் இருக்க வேண்டும். எஃகு போன்ற கடின ரவை பாறையிலும் நீரிலும் பட்டுத் தெறிப்பது ஈயத்தைவிட அதிகம்.

தமிழ்நாட்டில் இந்தத் துப்பாக்கி நாட்டுத் துப்பாக்கி என்ற பெயரில் அறியப்படுகிறது. நரிக்குறவர் சமூகம் அதை நெடுங்காலம் கையாண்டது. மலைக்கிராமங்களிலும் அது பயிர்க் காவலுக்குப் பயன்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இங்கே வேட்டை குற்றம். துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமமின்றி உள்ளூரில் செய்த துப்பாக்கிகளில் பால்ரஸ் குண்டு, ஆணித்துண்டு, இரும்புச் சில்லு ஆகியவை கெட்டிக்கப்படுகின்றன. இவை ரவைக்குரிய எந்தத் தகுதியும் இல்லாதவை. கடினமான, வடிவம் ஒவ்வாத துண்டு குழலைக் கீறி, இடறி, அடைத்து, அழுத்தத்தை ஏற்றுகிறது. குழலோ பெரும்பாலும் சாதாரண இரும்புக் குழாய். இலங்கையின் காட்டோர வயல்களில் கம்பி தட்டினால் வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, பன்றியென்றும் மனிதரென்றும் பாராமல் கால்களைச் சிதைத்திருக்கிறது. சோதனை முத்திரை காணாத குழலுக்குப் பாதுகாப்பான ரவை என்று ஒன்றைப் பரிந்துரைக்க வழியில்லை. அத்தகைய துப்பாக்கி வீட்டில் இருப்போர் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.